போலீசை வெளியே நிறுத்திய டாக்டர் தேவயானி

டாக்டர் தேவயானியின் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா நடராசன் அவர்களே, தங்கையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன் அரிபிரசாத் அவர்களே, மகனைப் பறிகொடுத்துவிட்டு இன்று இன்னொரு சாவுக்காகக் காணை கிராமத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தைலம்மாள் அம்மா அவர்களே, அவருடைய மருமகள் துர்கா அவர்களே, கடலுக்குப் போகாமல் மரக்காணம் கரையோரத்திலிருந்து வந்திருக்கும் குப்பத்து மக்களே, என்னோடு பணிபுரியும் செவிலியர் சகோதரிகளே, அதோ வேப்பமரத்தடியில் நின்று நம் ஒவ்வொருவர் முகத்தையும் படம் பிடித்துக்கொண்டிருக்கும் காவல்துறையினரே, உங்கள் எல்லோருக்கும் செவிலியர் பாஞ்சாலியின் வணக்கம்.

நாம் அமர்ந்திருப்பது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயவைக்கும் களம். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்திருக்க வேண்டிய கூட்டம் இது. போன வாரமே மண்டபத்துக்காரர் எனக்குப் போன் செய்தார். "சிஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. ஸ்டேஷன்லேர்ந்து வந்து பேசிட்டுப் போனாங்க. நானும் தொழில் பண்ணிக்கினு இருக்கறவன். எனக்கு இந்த பேஜாரு வேணாங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்தவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? பயமுறுத்தியவர்மேல்தான் என் கோபம். விவசாயி செல்வகுமார் மல்லாட்டையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "எங்க களத்துல நடத்துங்க, எவன் கேக்கறான்னு பாக்கலாம்" என்று இடம் கொடுத்தார். அவருக்கு நம் நன்றி.

இந்தக் களத்தில் கூடுவதற்கும் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தது. கூடவே காவல்துறையிடமிருந்து ஒரு நிபந்தனையும் வந்தது. இறந்தவரைப் பற்றி மட்டும் பேச வேண்டுமாம், காவல்துறையைப் பற்றிப் பேசக் கூடாதாம். நான் கேட்கிறேன், டாக்டர் தேவயானி எப்படி இறந்தார் என்பதைக் காவல்துறையைப் பற்றிப் பேசாமல் எப்படிச் சொல்வது? மழை பெய்ததைச் சொல்லாமல் ஏரி உடைந்ததை மட்டும் சொல்ல முடியுமா? நான் இறந்தவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அவருடைய வாழ்க்கைக்குள் காவல்துறை வந்து நின்றால் அது என் குற்றமல்ல.

தேவயானி மரக்காணத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் சுப்புராயன் என்ற மீனவருக்குப் பிறந்தவர். அந்தக் குப்பத்திலிருந்து மருத்துவம் படித்த முதல் பெண். சென்னையில் பெரிய தனியார் மருத்துவமனைகள் கூப்பிட்டும் போகாமல், நம் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அமர்ந்தவர். அவர் சாந்தமானவர் என்று யாராவது இங்கே பேசினால் நம்பாதீர்கள். அவரிடம் திட்டு வாங்காத செவிலியர் எங்கள் மருத்துவமனையில் கிடையாது. கைக்குழந்தைக்கு டீ ஊற்றும் தாய்மாரை வரிசையில் நிற்க வைத்துத் திட்டுவார். திட்டி முடித்துவிட்டு அந்தக் குழந்தையை அவரே தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்ப்பார். நாங்கள் வாய் தவறி, "மேடம், ஒரு ஆக்சிடென்ட் கேசு வந்திருக்குது" என்றால் போதும். "கேசுக்கு கை கால் இருக்குதா? ஆளு வந்திருக்காருன்னு சொல்லு" என்பார்.

அப்படிப்பட்டவரின் அறைக்குக் கைதிகளும் வருவார்கள். ஒருவரைச் சிறைக்கு அனுப்புமுன் அவர் உடல்நிலை நன்றாக இருக்கிறது என்று அரசு மருத்துவர் சான்று தர வேண்டும். அது சட்டம். நடைமுறை என்ன? ஒரு காவலர் கைதியின் தோளைப் பிடித்தபடி நிற்பார். மருத்துவர் நிமிர்ந்தும் பார்க்காமல், "ஏதாவது பிரச்சனை இருக்குதா?" என்பார். கைதி காவலரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்பார். கையெழுத்து விழும். அடுத்த ஆள்.

டாக்டர் தேவயானி அந்த வழக்கத்தை உடைத்தார். கைதியோடு எந்தக் காவலர் வந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். "நீங்க வெளிய நில்லுங்க சார். கதவ சாத்திட்டுப் போங்க." பிறகு கைதியின் சட்டையைக் கழற்றச் சொல்வார். முதுகைப் பார்ப்பார், கால்களைப் பார்ப்பார், கண்டதை எழுதுவார். அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான். அவர் துப்பாக்கி எடுக்கவில்லை. மேடை போட்டுப் புரட்சி பேசவில்லை. ஒரு மருத்துவர் தன் அறைக் கதவைச் சாத்தினார். அதைத்தான் இவர்களால் தாங்க முடியவில்லை.

நண்பர்களே, இனி பார்த்திபனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தைலம்மாளின் மகன் பார்த்திபன் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். அவருடைய ஊரில் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு மதுக்கடை வந்தது. அதை எடுக்கச் சொல்லி ஊர்ப் பெண்கள் கடைக்கு எதிரில் உட்கார்ந்தார்கள். கல் எடுக்கவில்லை, கதவைத் தொடவில்லை, வெறுமனே உட்கார்ந்தார்கள். காவல்துறை வந்து அவர்களைத் தடியால் அடித்து விரட்டியது. அதைப் பார்த்திபன் தன் செல்போனில் படம் எடுத்தார். அவர் செய்த குற்றம் அதுதான். அன்று மாலையே அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் அவர்மேல் போட்ட வழக்கு என்ன தெரியுமா? வயலில் இருந்த மின்மோட்டாரைத் திருடினாராம்.

அந்தக் காவல் நிலையத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஆய்வாளரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. வழக்கு நடக்கிறது. ஆனால் அந்த மறுநாள் காலையில் அந்த ஆய்வாளர் பார்த்திபனை எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தபோது டாக்டரின் அறையில் நான் இருந்தேன். மருத்துவமனைப் பணியாளர் லட்சுமியம்மாளும் இருந்தார். அதனால் இது கேள்விப்பட்ட கதை அல்ல.

பார்த்திபனை இரண்டு காவலர்கள் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். டாக்டர் வழக்கம்போல அவர்களை வெளியே நிற்கச் சொன்னார். ஆய்வாளர் நகரவில்லை.

"கைதி மேடம். ஓடிட்டான்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"நிக்கவே முடியல இந்த ஆளால. எங்க ஓடப் போறாரு? நீங்க வெளிய போனாத்தான் நான் பாப்பேன்" என்றார் டாக்டர்.

ஆய்வாளர் முறைத்துக்கொண்டே போனார். லட்சுமியம்மாள் கதவைச் சாத்தினார். பார்த்திபனைப் படுக்க வைத்தோம்.

"என்னா ஆச்சு தம்பி?"

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன் மேடம்."

டாக்டர் அவருடைய கால்களைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கால் இரண்டும் கன்றி வீங்கிப் பொங்கியிருந்தன. தொடையில் விரல் வைக்க இடமில்லை. "வழுக்கி வுழுந்தா உள்ளங்காலு எப்டி வீங்கும்? பயப்படாம சொல்லு" என்றார்.

பார்த்திபன் கதவையே பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வெளிய நிக்கிறாங்க மேடம். கேட்டுக்கினு இருப்பாங்க" என்றார். டாக்டர் அவர் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தார். அப்போதுதான் சொன்னார். "போன் லாக்க எடுடா, எடுடான்னு கேட்டுக்கினே அடிச்சாங்க. நான் எடுக்கல. பொம்பளைங்கள அடிச்சது அதுலதான் இருக்குது."

அடித்தவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தப் படம். அடிபட்டவர் காப்பாற்ற நினைத்தது அந்தப் படம். படித்தவர்கள் பேசும் கருத்துரிமை, குடிமை உரிமை என்ற சொற்களெல்லாம் அந்த டிராக்டர் ஓட்டுநருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவற்றுக்காக ஒரு ராத்திரி முழுக்க அடி வாங்கியவர் அவர்.

பிறகு பார்த்திபன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்கம்மா இங்க வந்துகினு இருக்கும். அதுகிட்ட காலக் காட்டிடாதீங்கக்கா" என்றார்.

தைலம்மாள் அம்மா, இதை நான் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டேன். மன்னியுங்கள்.

அவருடைய சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. அடித்து அடித்துச் சதை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கதவைத் திறந்து, "இவர அட்மிட் பண்ணணும். கிட்னி போய்க்கினு இருக்குது. உடனே வைத்தியம் பாத்தா பொழைச்சுக்குவாரு" என்றார்.

"கோர்ட்டுக்கு டைம் ஆயிடுச்சி மேடம். ஒரு கையெழுத்துதான? ஜல்தியா போட்டுக் குடுங்க."

"நான் கையெழுத்து போட்டா இவரு செத்துப் போவாரு."

ஆய்வாளர் யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் போன் அடித்தது. மேலிடத்துக் குரல் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னது தெரியும். "நீங்க வந்து ஒருவாட்டி கையால தொட்டுப் பாருங்க சார். பாத்துட்டு நீங்களே கையெழுத்து போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவர்கள் பார்த்திபனை இழுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் பின்னாலேயே ஓடி ஜீப்புக்கு முன்னால் நின்றார். ஜீப்பைப் பின்னால் எடுத்து, வளைத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் உடனே நம் வழக்கறிஞர் ஐயாவைக் கூப்பிட்டார். ஐயா நீதிமன்றத்துக்கு ஓடினார். அதற்குள் வேறு எங்கோ, வேறு யாரிடமோ ஒரு கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பார்த்திபன் சிறைக்குப் போனார். சிறையிலிருந்து உயிரில்லாமல்தான் திரும்பி வந்தார். வலிப்பு வந்து இறந்தார் என்று அறிக்கை வந்தது. அவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வலிப்பு வந்ததில்லை என்று துர்கா கதறினார். யார் காதில் விழுந்தது?

நான் இங்கே நிறுத்தி ஒன்று கேட்க வேண்டும், நம்மையே கேட்க வேண்டும். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்ற செய்தியோடு மாவுக்கட்டுப் போட்ட கையின் படம் எத்தனை முறை நம் செல்போனுக்கு வந்திருக்கிறது? நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். 'நல்லா வேணும்' என்று சொல்லி நாலு பேருக்கு அனுப்பினோம். அவன் ரவுடி, அவன் திருடன், அடித்தால் என்ன என்றோம். எந்த அதிகாரியாவது அந்தக் கழிவறையில் வழுக்கி விழுந்ததாக நாம் கேள்விப்பட்டதுண்டா? நாம் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தடி நீண்டது. நாம் கைதட்டக் கைதட்ட நீண்டது. நீண்டுகொண்டே வந்து, போனில் படம் எடுத்தவனைத் தொட்டது. கடைசியில் வைத்தியம் பார்த்த கையையும் தொட்டது.

எப்படித் தொட்டது என்று சொல்கிறேன். கொலை வழக்குப் பதியும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று பார்த்திபனின் ஊரே பிணவறைக்கு எதிர்ச் சாலையோரத்தில் உட்கார்ந்தது. டாக்டர் பணி முடித்துவிட்டு அங்கே போனார். நானும் கூடப் போனேன். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "நான் அவரப் பாத்தேன். உள்ளங்காலுல அடிச்சிருந்தாங்க. அட்மிட் பண்ணச் சொன்னேன், அவங்க கேக்கல" என்றார் டாக்டர். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

அவர் சொல்லி முடிப்பதற்குள் கலைந்து போகச் சொல்லி ஒலிபெருக்கி அலறியது. எழுந்திருக்கக்கூட அவகாசம் தராமல் தடியை எடுத்தார்கள். வயதான தைலம்மாள் மகனின் படத்தை மடியில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர்மேல் தடி இறங்கப் போனது. டாக்டர் குறுக்கே போய், "பொணத்துக்காக உக்காந்துகினு இருக்குது அந்தம்மா. அத எதுக்கு அடிக்கிறீங்க?" என்று கத்தினார். அந்த அடி அவருடைய இடுப்பில் விழுந்தது. விழுந்தவரை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தார்ச் சாலையில் இழுத்துக்கொண்டு போனார்கள். எலும்பு முறிந்த ஒருவரை இழுக்கும்போது என்ன குரல் வரும் என்று எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுப் பணியில் அந்தக் குரலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவருடைய வாயிலிருந்து கேட்பேன் என்று நினைக்கவில்லை.

காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை என்ன சொன்னது? கூட்ட நெரிசலில் தவறி விழுந்தாராம். அதோடு விட்டார்களா? சட்டவிரோதமாகக் கூடியதாக வழக்குப் போட்டு, அதில் முதல் குற்றவாளியாக டாக்டர் தேவயானியைச் சேர்த்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இதைக் கேட்டபோது அவர் அழவில்லை. "பாஞ்சாலி, அடி வாங்குனது கூட எனக்கு வருத்தம் இல்ல. பொய் எழுதறாங்க பாரு, அதுதான் வயிறு எரியுது" என்றார்.

அந்தப் படுக்கைக்கே ஒருவர் பேரம் பேச வந்தார். பார்த்திபனின் காயம் பழைய காயமாகவும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கும் போய்விடும், இடமாற்றமும் வராது என்றார். டாக்டர் கேட்டார், "பழைய காயம்னா, பழைய போலீசு அடிச்சதா?" வந்தவர் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. இடமாற்ற உத்தரவும் வந்தது. நடக்க முடியாத பெண்ணுக்கு மலையில் வேலை.

அவர் அசையவில்லை. சக்கர நாற்காலியில் போய் நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். அதனால்தான் கொலை வழக்கு பதிவானது. அதனால்தான் அந்த ஆய்வாளர் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறார். இந்த மாவட்டத்தில் எத்தனை தாய்மார்கள் கேட்டும் கிடைக்காத ஒன்றைத் தைலம்மாளுக்கு வாங்கித் தந்தது அந்தச் சக்கர நாற்காலி. ஆனால் முதல் அறுவை சிகிச்சையில் இடுப்பு எலும்பு சேரவில்லை. இரண்டாவது அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன்பே நம் டாக்டர் போய்விட்டார்.

மாரடைப்பு என்று சிலர் சொல்கிறார்கள். விதி என்கிறார்கள். நான் செவிலியர். எனக்கு விதி தெரியாது, ரத்தக்கட்டி தெரியும். அது எங்கிருந்து புறப்பட்டது என்றும் தெரியும். அது அந்தத் தடியிலிருந்து புறப்பட்டது.

இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா? அவருடைய கருமாதி அன்று வீட்டுக்கு ஒரு காவலர் வந்தார். துக்கம் கேட்க வந்தார் என்று நினைத்து அண்ணன் அரிபிரசாத் நாற்காலி எடுத்துப் போட்டார். வந்தவர் நீட்டியது, சட்டவிரோதக் கூட்ட வழக்கில் முதல் குற்றவாளி தேவயானி நேரில் ஆஜராக வேண்டும் என்ற சம்மன். அண்ணன், மாலை போட்டிருந்த படத்தைக் காட்டி, "அதோ இருக்குது, கூட்டிக்கினு போங்க" என்றார். அந்தக் காவலர் தலையைக் குனிந்துகொண்டு போனதாகச் சொன்னார்கள். தலை குனிய வேண்டியவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

நண்பர்களே, விழுப்புரம் நீதிமன்றத்தில் பார்த்திபன் கொலை வழக்கின் விசாரணை அடுத்த வாரம் தொடங்குகிறது. முக்கிய சாட்சி செத்துவிட்டார், வழக்கும் செத்துவிட்டது என்று எதிர்த்தரப்பில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். சீருடை இல்லை, ஆனால் தெரியும். "டாக்டரம்மாவே போயிட்டாங்க. நீங்க சர்வீஸ்ல இருக்கறவங்க, ரிட்டயர்மெண்ட் வேற கிட்ட வந்துகினு இருக்குது. உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குக் கால் நடுங்கியது. உங்களிடம் மறைக்க மாட்டேன், இப்போதும் நடுங்குகிறது.

அவருக்கான பதிலை இங்கேயே, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்த அறையில் டாக்டர் மட்டும் இல்லை. நான் இருந்தேன். லட்சுமியம்மாள் இருந்தார். ஒப்பந்தப் பணியாளரான லட்சுமியம்மாளைப் போன மாதம் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாய் மூடிக்கொள்வார் என்று நினைத்திருப்பார்கள். நேற்று அவர் என்னிடம், "வேலைதான் போயிடுச்சே சிஸ்டர், இன்னும் எதப் புடுங்குவாங்க? நானும் வர்றேன்" என்றார். அதோ அமர்ந்திருக்கிறார், பாருங்கள்.

என் செவிலியர் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நாளை முதல் நம் மருத்துவமனைக்கு எந்தக் கைதியைக் கொண்டுவந்தாலும், அறையில் எந்த மருத்துவர் இருந்தாலும், காவலரை வெளியே நிற்கச் சொல்ல வேண்டியது நம் வேலை. மருத்துவர் தயங்கினால் நாம் சொல்வோம். நம் சங்கம் இதைத் தீர்மானமாக எடுத்திருக்கிறது. ஒருவரை மாற்றினால் அடுத்தவர் சொல்வார். எங்கள் எல்லோரையும் மலைக்கு மாற்றட்டும், அங்கேயும் அறைகள் இருக்கின்றன, அறைகளுக்குக் கதவுகள் இருக்கின்றன.

மக்களே, விசாரணை அன்று நீங்கள் வர வேண்டும். கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம். நீதிமன்ற வளாகத்தில் வந்து நின்றால் போதும். தைலம்மாளும் துர்காவும் தனியாக அந்தப் படி ஏறக் கூடாது. குப்பத்திலிருந்து வாருங்கள், காணையிலிருந்து வாருங்கள். மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்து ஒருநாள் சிரித்தவர்களும் வாருங்கள், உங்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

டாக்டர் தேவயானிக்குப் பூப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அவரை அடித்தவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அந்த நிம்மதியை அவர்களுக்குத் தருவதாக இல்லை. அவர் ஏற வேண்டிய சாட்சிக் கூண்டு காலியாக இருக்கிறது. நடுங்குகிற இந்தக் கால்களோடுதான் போகிறேன்.

நான் ஏறுகிறேன். வணக்கம்.